நாலு மணிக்கே இருட்டும் ஊரில்... முதல் குளிர்காலம்!

லண்டன். டிசம்பர் மாதம். மாலை மணி நாலு.

திருச்சிப் பெண் ஒருத்தி மூன்றாவது மாடி ஜன்னலோரம் நிற்கிறாள். வெளியே கும்மிருட்டு. தெருவிளக்குகள் எரிகின்றன. கணவர் ஆபீஸிலிருந்து வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. அம்மாவுக்கு போன் போடுகிறாள். திருச்சியில் அப்போது ராத்திரி ஒன்பதரை.

"ஏண்டி, குரல் ஒரு மாதிரி இருக்கே... அழுதியா?"

"இல்லம்மா. ஜலதோஷம்."

ஜலதோஷமெல்லாம் இல்லை. மூன்று வாரமாக உடம்பெல்லாம் வலி. மாடிப்படி ஏறினால் தொடை கெஞ்சுகிறது. பத்து மணி நேரம் தூங்கினாலும் எழுந்திருக்கும்போதே அலுப்பு. காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர். கணவரிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. வேலைக் களைப்பில் ஒரு வார்த்தை விட்டுவிட்டார்.

"நாள் பூரா வீட்லதானே இருக்கே? உனக்கென்ன களைப்பு?"

அவ்வளவுதான்! அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருவருக்கும் சரியான பேச்சே இல்லை. 'பொண்ணைத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்துடலாமா?' என்று திருச்சியில் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

கடைசியில் வழி காட்டியவர் கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா. அவர் கேட்டது ஒரே கேள்வி: "நீங்கள் வந்து மூண்டு மாசமாச்சுதே, டொக்டரிட்டப் பதிஞ்சிட்டீங்களோ?"

பதியவில்லை. வியாதி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். பதிந்து, ரத்தப் பரிசோதனை செய்தபோது வைட்டமின் டி ரொம்பக் குறைவு, இரும்புச்சத்தும் குறைவு என்று தெரிந்தது. டாக்டர் இன்னொன்றும் கேட்டாராம். "போன வாரம் கணவரைத் தவிர நேரில் எத்தனை பேரோடு பேசினீர்கள்?" அவளால் ஒரு பெயர்கூடச் சொல்ல முடியவில்லை.

வெளிநாட்டில் குடித்தனம் வைக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு விசா, வீடு, வேலை பற்றிச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். உடம்பும் மனசும் குடியேற வேண்டுமே, அதை யார் சொல்வது? லண்டனையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

வெயில் எங்கே போச்சு?

நம் ஊரில் வெயில் தொல்லை. அங்கே வெயில் ஒரு மருந்து!

சென்னையில் எந்த மாதமானாலும் பகல் பொழுது 11 மணி நேரத்துக்குக் குறையாது. லண்டன் ரொம்ப வடக்கே இருப்பதால் டிசம்பர் மூன்றாவது வாரத்தில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. காலை எட்டு மணிக்கு விடியும். நாலு மணிக்கு முன்பே சூரியன் மறையும். அதுவும் பாதி நாள் மேகமூட்டம்தான். ஜூன் மாதத்தில் நேர்மாறாக, பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

நம் தோலில் வெயில் படும்போதுதான் வைட்டமின் டி உண்டாகிறது. எலும்புக்கும் தசைக்கும் அது அவசியம். பிரிட்டனில் அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை உள்ள வெயிலில் அதற்கு வேண்டிய புறஊதாக் கதிர் போதாது. நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோல்காரர்களுக்கு வைட்டமின் டி உண்டாக வெள்ளைத் தோல்காரர்களைவிட அதிக நேரம் வெயில் வேண்டும். நம் ஊரிலேயே வெயிலுக்கு ஒதுங்கி வாழும் பெண்களுக்குக் கையிருப்பு குறைவாகத்தான் இருக்கும். அந்தக் கையிருப்போடு செப்டம்பரில் போய் இறங்கினால் டிசம்பரில் உடம்பு வலிக்காமல் என்ன செய்யும்?

அந்நாட்டு அரசு மருத்துவத் துறையே எல்லோருக்கும் சொல்லும் யோசனை இது: இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி மாத்திரை. அதாவது 400 யூனிட். தெற்காசியர்களும் ஆப்பிரிக்கர்களும் வருஷம் முழுவதுமே எடுத்துக்கொள்வது நல்லது என்கிறார்கள். சீட்டு வேண்டாம், சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். விலையும் குறைவு.

'ஜன்னலோரம் வெயிலில் உட்கார்கிறேனே, போதாதா?' போதாது. வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆனாலும் காலையில் அரை மணி நேரம் வெளியே நடப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் ஒழுங்காக ஓடும். ராத்திரி தூக்கம் வரும். குளிர்கால இருட்டில் வருஷா வருஷம் சிலருக்கு மனச்சோர்வே வருவதுண்டு. அதிகத் தூக்கம், இனிப்பு மேல் ஆசை, எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் அதன் அறிகுறிகள். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் வாரமே டாக்டர்!

பிரிட்டனில் வேலை விசாவோடு போகிறவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் இது பெரியவர் ஒருவருக்கு வருஷத்துக்கு 1,035 பவுன் என்று உயர்ந்தது. இவ்வளவு கட்டிவிட்டு டாக்டரிடம் பதியாமல் இருக்கலாமா?

அங்கே ஒவ்வொரு பேட்டைக்கும் குடும்ப டாக்டர்கள் உண்டு. ஜி.பி. என்பார்கள். வீடு பிடித்த கையோடு அருகிலுள்ள ஜி.பி. கிளினிக்கில் கணவன், மனைவி இருவரும் தனித்தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவு இலவசம். 'கரெண்ட் பில்லில் என் பேர் இல்லையே' என்று மனைவிமார் தயங்க வேண்டாம். முகவரிச் சான்று இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக்கூடாது என்பது அங்குள்ள விதி.

நம் ஊர் மாதிரி, வயிற்றுவலிக்கு நேராக வயிற்று டாக்டர், முட்டிவலிக்கு நேராக எலும்பு டாக்டர் என்று போக முடியாது. எல்லாம் ஜி.பி. வழியாகத்தான். ஒரு தடவைக்குச் சுமார் பத்து நிமிஷம்தான் கிடைக்கும். அதனால் சொல்ல வேண்டியதை முன்பே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். கதவைத் திறந்து கிளம்பும்போது 'ஆங்... டாக்டர், இன்னொண்ணு' என்று ஆரம்பிப்பது நம் பழக்கம். அங்கே அது நடக்காது!

இங்கிலீஷில் சொல்ல வரவில்லையா? முன்கூட்டியே சொன்னால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். பெண்கள் சமாசாரம், மனசு சமாசாரம் எல்லாவற்றையும் கணவரை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பதில்லை. தனியாகவே பேசலாம். நீங்கள் சொல்வதை டாக்டர் வெளியே சொல்ல மாட்டார்.

உயிருக்கு ஆபத்து என்றால் 999. அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றால் 111. இரண்டும் இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. இரண்டையும் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கூடவே உங்கள் வீட்டு விலாசத்தையும் போஸ்ட்கோடோடு எழுதி வையுங்கள். பதற்றத்தில் புது விலாசம் ஞாபகம் வராது!

சின்ன உபாதைகளுக்கு மருந்துக்கடைக்காரரே யோசனை சொல்வார். இங்கிலாந்தில் 2024 ஜனவரியிலிருந்து தொண்டைவலி, பெரியவர்களுக்கு வரும் சைனஸ், பெண்களுக்கு வரும் சிறுநீர்க் கடுப்பு உள்பட ஏழு உபாதைகளுக்கு, தேவைப்பட்டால் ஜி.பி. சீட்டு இல்லாமல் அவரே மருந்து கொடுக்கும் திட்டம் வந்திருக்கிறது.

வீட்டுக்குள்ளேயும் கவனம்!

குளிர் என்று எல்லா ஜன்னலையும் மூடிவிடுகிறோம். உள்ளேயே குக்கர் ஆவி, வெந்நீர்க் குளியல், ஹீட்டர் மேல் ஈரத்துணி! இந்த ஈரமெல்லாம் எங்கே போகும்? குளிர்ந்த சுவரில் படிந்து, மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பூக்கும். ஆஸ்துமா, தும்மல், விடாத இருமல் எல்லாவற்றுக்கும் அது வரவேற்புப் பத்திரிகை. சமைக்கும்போது மூடி போட்டுச் சமையுங்கள், காற்றாடியைப் போடுங்கள், தினம் பத்து நிமிஷமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நம் தாளிப்புப் புகைக்கு அலாரம் அலறும். எரிச்சலில் பேட்டரியைக் கழற்றி வைக்கிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்! புகை அலாரம் போலவே கார்பன் மோனாக்சைடு அலாரமும் முக்கியம். வெந்நீருக்கும் ஹீட்டருக்கும் உள்ள காஸ் பாய்லர் சரியாக எரியாவிட்டால் நிறமும் மணமும் இல்லாத இந்த விஷவாயு கசியும். வீட்டுக்குள் இருந்தால் தலைவலி, மயக்கம், குமட்டல். வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் உஷாராகுங்கள். உடனே காஸை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, காஸ் அவசர எண் 0800 111 999-க்கு போன் செய்யுங்கள். மயக்கமே போட்டுவிட்டால் 999. காஸ் சாதனங்களை வருஷத்துக்கு ஒரு முறை சோதித்துச் சான்றிதழ் தருவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று தோல். குளிர்காற்று ஒருபக்கம், ஹீட்டரின் வறட்டுச் சூடு ஒருபக்கம். கால் வெடிக்கும், முதுகு அரிக்கும். கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் இன்னும் வறளும். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்து, ஈரம் முழுசாகக் காயும் முன்பே கிரீமோ, எண்ணெயோ தடவிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக உறைந்திருக்கும். கெட்டுப்போகவில்லை. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைவது இயல்பு. வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும்.

தட்டில் என்ன இருக்கிறது?

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் போனால் முருங்கைக்காயிலிருந்து இடியாப்பம்வரை கிடைக்கும். ஈழத்தமிழர்கள் பல வருஷமாக அங்கே கடை போட்டு, கோயில் கட்டி, நமக்கு முன்பே பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். ஆக, பட்டினி கிடக்க மாட்டோம். பிரச்னை வேறு.

முதலாவது, இரும்பும் பி12-ம். சைவக்காரர்கள் பால், தயிர், முட்டை (சாப்பிட்டால்), பருப்பு, கீரை, கொண்டைக்கடலையைக் குறைக்கக் கூடாது. குளிருக்கு இதமாக மணிக்கொரு டீ குடிக்கத் தோன்றும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இரண்டாவது, உப்பு! நம் ஊரில் அயோடின் சேர்த்த உப்புதான் பழக்கம். பிரிட்டனில் சாதாரண உப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. அங்கே பாலும் மீனும்தான் அயோடின் தருகின்றன. பாலை நிறுத்திவிட்டு ஓட்ஸ் பால், பாதாம் பால் என்று மாறுகிறவர்கள் அயோடின் சேர்த்ததா என்று அட்டையைப் படித்து வாங்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம். அவர்கள் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே 12 வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, எடை. குளிருக்குப் பயந்து நடை நின்றுபோகும். பிஸ்கட், கேக், நொறுக்குத்தீனி கூடிப்போகும். தெற்காசியர்களுக்குக் கொஞ்சம் எடை கூடினாலே சர்க்கரை வியாதி வாய்ப்பு அதிகம். அதனால்தான் மற்றவர்களுக்கு 25 என்றுள்ள உடல் எடைக் குறியீட்டு எல்லை, நமக்கு 23. சுலபமான கணக்கு ஒன்று: இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். ஒரு நூலை எடுத்து அளந்து பாருங்களேன்!

(இட்லி மாவு புளிக்கவில்லையா? அடுப்பு அவனைச் சூடு பண்ணாமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வையுங்கள். அந்தச் சூடே போதும்.)

"வீட்ல சும்மாதானே இருக்கே?"

இந்த வார்த்தைக்கு வருவோம்.

கணவருக்கு ஆபீஸ் இருக்கிறது. பேச ஆள் இருக்கிறது. ரயில் பிடிக்க ஓடுகிறார், திட்டு வாங்குகிறார், சிரிக்கிறார். ஊர் அவருக்குப் பழகிவிடுகிறது. மனைவிக்கு? நேற்றுவரை அம்மா, தம்பி, தோழிகள், வேலை, சொந்த ஸ்கூட்டர் என்று இருந்தவள், திடீரென்று நாலு சுவருக்குள். கடைக்குப் போகவும் அவரைக் கேட்க வேண்டும், பணத்துக்கும் அவரைக் கேட்க வேண்டும். அவள் சும்மா இருக்கவில்லை. இழந்ததை எல்லாம் தனியாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்!

கணவர் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். புது வேலை, வேலை போனால் விசாவே ஆட்டம் காணும் என்ற பயம், கையைக் கடிக்கும் வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். அவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு பேரும் பயத்தைப் பங்குபோடாமல் கோபத்தை மட்டும் பங்குபோட்டுக்கொண்டால் வீடு என்ன ஆகும்?

என்ன செய்யலாம்?

முதல் மாதமே மனைவி பேரில் பாங்க் கணக்கும் பஸ், ரயிலுக்கு அட்டையும் வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது அவள் தனியாக ஓரிடத்துக்குப் போய்வர வேண்டும். பேட்டை நூலகத்தில் சேர்வது இலவசம். குளிருக்கு இதமாக உட்காரலாம். சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பல பூங்காக்களில் 'பார்க்ரன்' நடக்கிறது. 2004-ல் லண்டன் புஷி பூங்காவில் ஆரம்பித்தது. ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. ஓட வேண்டாம், நடக்கலாம். வெள்ளிக்கிழமை ஹைகேட் முருகன் கோயிலுக்கோ ஈஸ்ட் லண்டன் முருகன் கோயிலுக்கோ போனால் நாலு தமிழ் முகத்தைப் பார்க்கலாம். திறமையான வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்கு வேலை செய்யவும் பொதுவாக அனுமதி உண்டு. விசாவைப் படித்துப் பாருங்கள்.

ஊருக்கு போன் பேசுவதிலும் அளவு வேண்டும். தினம் மூன்று மணி நேரம் வீடியோவில் திருச்சியிலேயே வாழ்ந்தால் லண்டனுக்கு எப்போது குடிபோவது? அம்மாக்களே, நீங்களும் 'என்ன சமைச்சே' என்பதோடு 'இன்னிக்கு யாரைப் பார்த்தே?' என்று கேளுங்கள்.

தூக்கம் கெட்டு, அழுகை நிற்காமல், எதிலும் ஆசையில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ஜி.பி.யிடம் சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் அரசின் இலவசப் பேச்சு சிகிச்சைக்கு ஜி.பி. சீட்டு இல்லாமல் நேராகவும் விண்ணப்பிக்கலாம். 'செத்துப்போயிடலாமா' என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நிமிஷமும் தள்ளிப்போடாதீர்கள். 111-க்கு போன் செய்து மனநல உதவி கேளுங்கள். ஆபத்து உடனடி என்றால் 999.

பெட்டி கட்டும்போது...

* பல் டாக்டரையும் கண் டாக்டரையும் ஊரிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு மூக்குக்கண்ணாடி கூடுதலாக இருக்கட்டும்.
* ரத்தத்தில் ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, சர்க்கரை, தைராய்டு பார்த்து, அந்தத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.
* தினமும் சாப்பிடும் மருந்துக்கு டாக்டர் சீட்டு அவசியம். கம்பெனிப் பெயரோடு மருந்தின் ரசாயனப் பெயரையும் எழுதி வாங்குங்கள். நம் ஊர் கம்பெனிப் பெயர் அங்கே புரியாது.
* தடுப்பூசி விவரங்கள், பழைய ஆபரேஷன் ரிப்போர்ட்டுகளின் நகல்.
* கனமான ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய உள்ளாடை, சட்டை, மேல்கோட்டு என்று அடுக்கடுக்காகப் போடுவதே கதகதப்பு. வழுக்காத ஷூவை அங்கே போய் வாங்குங்கள்.

வழக்கமான மூன்று சந்தேகங்கள்

ஊரில் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யைக் கொண்டுபோய் நாமே சாப்பிடலாமா?

கூடாது. அது ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்லும் கணக்கில் சாப்பிட வேண்டியது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஜுரம் என்று போனால் பாராசிட்டமாலும் தண்ணீரும் போதும் என்று அனுப்பிவிடுகிறார்களே?

வைரஸ் ஜுரத்துக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. அதனால்தான் தருவதில்லை. அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, அழுத்தினாலும் மறையாத தோல் தடிப்பு இருந்தால் காத்திருக்கக் கூடாது, 999.

மருந்துக்கு எவ்வளவு செலவாகும்?

இங்கிலாந்தில் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் சுமார் பத்து பவுன். கர்ப்பிணிகளுக்கும் பிரசவமாகி ஒரு வருஷம் வரைக்கும், அதற்கான சான்றிதழ் வாங்கிவிட்டால் இலவசம். கருத்தடை மாத்திரைக்கும் கட்டணமில்லை.

அந்தத் திருச்சிப் பெண் என்ன ஆனாள்?

மாத்திரை சாப்பிட்டாள். காலை நடைக்குக் கீழ்வீட்டு அக்கா துணை. அவர் ஒரு நர்ஸரிப் பள்ளியில் அறிமுகம் செய்துவைக்க, வாரத்தில் இரண்டு நாள் அங்கே உதவிக்குப் போனாள். கணவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாம் கேட்ட பிறகு, திரும்பி வரும் பஸ்ஸில், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றாராம். மருந்து பாதி, அந்த வார்த்தை பாதி என்கிறாள் அவள்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாவுக்கு போன் போட்டு, ஜன்னலைக் காட்டினாள்.

"பாரும்மா, இன்னும் வெளிச்சமா இருக்கு!"

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த வருஷம் விமானம் ஏறுகிறார்களா? ஊறுகாய் பாட்டிலோடு இந்தப் பக்கத்தையும் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததும் 'வீடு வசதியா இருக்கா?' என்று கேட்பீர்கள் இல்லையா? கூடவே இதையும் கேளுங்கள்: "ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட பதிஞ்சாச்சா?"